சம்பந்தி வீட்டு என்ஜின்!

"புகையறது காரா, நீங்களாண்ணே?"

சித்திரை மாத உச்சி வெயிலில், குஜிலியம்பாறைக்குச் சற்று முன்னால், ரோட்டோரம் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து, ஆடு மேய்க்கிற பையன் ஒருவன் கேட்டது இது. நியாயமான கேள்விதான். இரண்டு பேருமே புகைந்துகொண்டிருந்தோம்.

தப்பு வண்டியுடையது இல்லை. என்னுடையது. மூன்று மாதமாக ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. 'எங்கே ஒழுகுது?' என்று பார்க்காமல், குழாய்த் தண்ணீரை ஊற்றி மூடிக்கொண்டே வந்தேன். அன்றைக்கு டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தபோதாவது நிறுத்தியிருக்க வேண்டும். 'வீடு பக்கம்தானே, போயிரலாம்' என்று மிதித்தேன். விளக்கு எரிந்த பிறகு நான் ஓட்டிய தூரம் நாலு கிலோ மீட்டர். அதனால் ஆன செலவு நாற்பதாயிரத்துச் சொச்சம். கிலோ மீட்டருக்குப் பத்தாயிரம் ரூபாய்!

2013-ல் இஸ்ரோ அனுப்பிய மங்கள்யான், சுமார் 450 கோடி ரூபாய் செலவில் 65 கோடி கிலோ மீட்டர் பயணம் செய்து செவ்வாய்க் கிரகத்தை அடைந்தது. கிலோ மீட்டருக்கு ஏழு ரூபாய்தான். பேசாமல் செவ்வாய்க்கே போயிருக்கலாம்.

வண்டி, செகண்ட் ஹேண்டில் வாங்கிய வேகன் ஆர். 2011 மாடல். கையால் கியர் போடுகிற சாதா மானுவல் வண்டி. டிராக்டரில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்து, எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணனின் ஷெட்டில் விட்டோம். ஹெட்டைக் கழற்றி, ஒரு இரும்பு ஸ்கேலை அதன் மேல் நிறுத்தி, அடியில் டார்ச் அடித்துக் காட்டினார். ஸ்கேலுக்கும் ஹெட்டுக்கும் நடுவே வெளிச்சம் எட்டிப் பார்த்தது.

"வளைஞ்சிருச்சு தம்பி. அலுமினியம். சூடு தாங்காது. உள்ள போரும் கோடு விழுந்திருக்கு."

"என்னண்ணே பண்றது?"

"மூணு வழி இருக்கு. புது என்ஜின். அதை மறந்துருங்க. இதையே போர் பண்ணி, பிஸ்டன் மாத்தி, ஹெட் வேற போடலாம். 45 ஆயிரம் ஆகும், ஒரு மாசம் இழுக்கும். இல்லைன்னா, ஓடுற பழைய என்ஜின் ஒண்ணு எங்கிட்டாவது கிடைச்சா கொண்டாங்க. தூக்கி வச்சிரலாம்."

ஒரு மாதம் இழுத்தால் எனக்கு ஆகாது. காரணம், வீட்டில் தங்கச்சி. வளைகாப்பு முடிந்து ஏழாம் மாதம் அழைத்து வந்திருந்தோம். பிரசவத்துக்குப் பார்த்து வைத்திருந்த ஆஸ்பத்திரி திண்டுக்கல்லில். '108 இருக்கே' என்பீர்கள். இருக்கிறது. ஆனால் இதை என் அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள்! "ராத்திரி ரெண்டு மணிக்கு வலி எடுத்தா, வீட்ல காரை வச்சுக்கிட்டு ஊராங்கிட்ட போன் போட்டுக் கெஞ்சணுமாடா?" என்று ஒரே போடாகப் போட்டார். அன்றிலிருந்து என் சோற்றுத் தட்டில் குழம்பு குறைய ஆரம்பித்தது.

ஆக, பழைய என்ஜின் வேட்டை.

வேகன் ஆரில் 2010 ஏப்ரலிலிருந்து வந்தது கே10பி என்கிற என்ஜின். 998 சி.சி., மூன்று சிலிண்டர். அதே என்ஜின்தான் 2008 கடைசியில் வந்த ஏ-ஸ்டாரிலும், 2010-ல் வந்த ஆல்ட்டோ கே10-லும். அதனால் கிடைப்பது சுலபம் என்று நினைத்தேன். கோயம்புத்தூர் உக்கடத்தில் விசாரித்தேன். சென்னைப் புதுப்பேட்டையில் தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்களைப் பிடித்தேன். நல்ல நிலையில் இருந்த என்ஜின்களுக்கு 32 ஆயிரத்துக்குக் குறைந்து யாரும் வாய் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் ஒரு போன். "சார், ஏ-ஸ்டார் இஞ்சின் கீது. கம்மியா ஓடுனது. 22 ரூபா குடு." (22 என்றால் 22 ஆயிரம்!)

"ஏன் இவ்ளோ கம்மி?"

"ஆட்டோமேட்டிக் வண்டில இருந்து எடுத்தது சார். யாரும் கேக்க மாட்டேன்றாங்க."

எனக்குத் தலைகால் புரியவில்லை. என்ஜின் என்ன, ஆட்டோமேட்டிக் என்ன? கியர்பாக்ஸ்தானே ஆட்டோமேட்டிக்? என்ஜினுக்கு அது எப்படித் தெரியும்? பத்தாயிரம் லாபம்! ஓடினேன் மெக்கானிக் அண்ணனிடம்.

அவர் டீயை ஒரு மிடறு குடித்துவிட்டுக் கேட்டார்: "உங்க தாத்தா கிணத்துல ஆயில் என்ஜின் வச்சிருந்தாருல்ல?"

"ஆமா."

"அதே என்ஜினை வண்டியில ஏத்திக்கிட்டுப் போயி ஆலைக்கும் போட்டுக் கரும்பு ஆட்டுவாரு. எப்படி? நடுவுல பெல்ட்டு. இந்தப் பக்கம் கழட்டி அந்தப் பக்கம் மாட்டுனாப் போதும். கார்ல பெல்ட்டு கிடையாது தம்பி. என்ஜினும் கியர்பாக்ஸும் புருசன் பொண்டாட்டி மாதிரி ஒட்டிக்கிட்டு நிக்கும். ஒட்டுற இடந்தான் பிரச்னை."

பிறகு அவர் தரையில் சாக்பீஸால் படம் போட்டு விளக்கியதை, எனக்குப் புரிந்த வரையில் உங்களுக்குச் சொல்கிறேன்.

மானுவல் வண்டியில் என்ஜினின் பின்பக்கம் கனமான இரும்புச் சக்கரம் ஒன்று இருக்கும். ஃபிளைவீல். அதன் மேல் கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட். கிளட்சை விட்டால் பிளேட் அழுந்தி, சக்தி கியர்பாக்ஸுக்குப் போகும். மிதித்தால் பிரியும்.

பழைய பாணி ஆட்டோமேட்டிக்கில் கிளட்ச் பெடலே கிடையாது. அங்கே இருப்பது டார்க் கன்வெர்ட்டர். இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வையுங்கள். ஒன்றை மட்டும் போடுங்கள். அந்தக் காற்றில் அடுத்ததும் சுற்றும் இல்லையா? அதே தத்துவம். காற்றுக்குப் பதில் எண்ணெய். அதுவே நல்ல கனம் என்பதால், என்ஜின் பின்னால் கனமான ஃபிளைவீல் தேவையில்லை. தோசைக்கல் மாதிரி மெல்லிய ஒரு தகடு போதும். ஃபிளெக்ஸ் பிளேட் என்பார்கள்.

அந்தத் தகட்டில் கிளட்சை மாட்ட முடியாது. எனவே என் பழைய என்ஜினிலிருந்து ஃபிளைவீலைக் கழற்றி, வருகிற என்ஜினில் மாட்ட வேண்டும். சரி, அதோடு முடிந்ததா? அதுதான் இல்லை.

"போல்ட்டைப் பாக்கணும். மெல்லிசான தகட்டுக்குக் கட்டை போல்ட்டு போதும். கனமான ஃபிளைவீலுக்கு நீளமா வேணும். கட்டையைப் போட்டு முறுக்குனா, ரெண்டு மரைதான் பிடிக்கும். ஓடுறப்ப கழண்டுச்சுன்னு வைங்க..." என்று நிறுத்தி, கிளட்ச் பெடல் இருக்கிற இடத்தைக் காட்டினார். அதாவது, என் காலை!

"சில என்ஜின்ல கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டோட மூக்கு, கிராங்க் ஷாஃப்ட் நடுவுல ஒரு சின்ன பேரிங்ல உக்காரும். ஆட்டோமேட்டிக்ல அது தேவையில்லைன்னு துளையே சரியாப் போட்டிருக்க மாட்டான். சில என்ஜின்ல, கிராங்க் எங்க நிக்குதுன்னு சென்சாருக்குக் காட்டுற பல்லு அந்தத் தகட்டுலதான் இருக்கும். மாத்துனா சென்சார் கண்ணு தெரியாம நிக்கும். அதனால என்ஜினைக் கொண்டாந்து பக்கத்துல பக்கத்துல வச்சு அளந்து பாத்துட்டுத்தான் மாட்டணும். ஒரே பேரு, ஒரே சி.சி.ன்னு நம்பக் கூடாது."

"அப்புறம்?"

"அப்புறம் மூளை. ஈ.சி.எம். அந்த ஆட்டோமேட்டிக் வண்டியோட பெட்டியைக் கொண்டாராதீங்க. அது 'கியர் பார்க்குல இருக்கா, நியூட்ரல்ல இருக்கா'ன்னு கேட்டுக்கிட்டே இருக்கும். பதில் வரலைன்னா செல்ஃப் அடிக்கவே விடாது. சாவியில இருக்கற சிப்பும் இந்த வண்டிப் பெட்டியோடதான் பேசும். அதனால உங்க வண்டி மூளை, உங்க வண்டி வயரிங், உங்க வண்டி சென்சார். அவங்க வீட்லருந்து என்ஜின் மட்டும் வரட்டும்."

'பொண்ணு மட்டும் வந்தாப் போதும், சீர் வேண்டாம்' என்று சொல்லும் சம்பந்தி மாதிரி எனக்குக் கேட்டது.

"எந்த ஆட்டோமேட்டிக்குன்னு கேட்டீங்களா?" என்றார் கடைசியாக. 2014-ல் செலேரியோவில் வந்த ஏ.எம்.டி. வேறு ஜாதி. அதில் டார்க் கன்வெர்ட்டர் கிடையாது. உள்ளே இருப்பது மானுவல் கியர்பாக்ஸ், சாதா கிளட்ச். மிதிக்கிற வேலையையும் கியர் போடுகிற வேலையையும் மட்டும் மனுஷனுக்குப் பதில் எந்திரம் செய்யும். அந்த வண்டி என்ஜின் கிடைத்தால் ஃபிளைவீல் தலைவலி பெரும்பாலும் இருக்காது. ஆனால் ஏ-ஸ்டார் ஆட்டோமேட்டிக், டார்க் கன்வெர்ட்டர் வகை.

"கிலோ மீட்டர் கம்மின்னு சொன்னா மயங்காதீங்க தம்பி. ஆட்டோமேட்டிக்கை வாங்கறது பெரும்பாலும் டவுன்காரங்க. சிக்னல்ல நின்னு நின்னு ஓடியிருக்கும். கிலோ மீட்டர் ஓடாது, மணிக்கணக்குல என்ஜின் ஓடியிருக்கும். மீட்டரைப் பாக்காதீங்க, என்ஜினைப் பாருங்க."

எதையெதைப் பார்க்க வேண்டும் என்று ஒரு சிகரெட் அட்டையில் எழுதிக் கொடுத்தார். நான் பி.காம். அக்கவுண்டன்சியில் கூட இவ்வளவு கவனமாகக் குறிப்பு எடுத்ததில்லை. ராத்திரி பஸ் ஏறினேன்.

புதுப்பேட்டையில் ஒரு மூளைச்சலவை

விடிகாலைப் புதுப்பேட்டை ஒரு தனி உலகம். எழும்பூருக்குப் பக்கத்திலேயே, கூவம் கரையோரம். ஒரு சந்தில் கதவுகள் மட்டும். அடுத்த சந்தில் பம்பர்கள் மட்டும். ஒரு முழுக் காரை இங்கே ஸ்பேர் ஸ்பேராக வாங்கி, நாமே கோத்துவிடலாம் போலிருக்கிறது.

போன் செய்த கடைக்குப் போகும் வழியில் இன்னொருவர் மடக்கினார். "என்னா சார் தேடுற? கே10-ஆ? வா, காட்டறேன்." காட்டினார். பளபளவென்று துடைத்து வைத்த என்ஜின். அதுவும் மானுவல்! ஃபிளைவீலோடு!

"எவ்ளோ?"

"பதினஞ்சு."

எனக்குள் இருந்த பி.காம். துள்ளி எழுந்தான். 22-க்கு 15. ஏழாயிரம் மிச்சம். ஃபிளைவீல் தலைவலியும் கிடையாது.

சிகரெட் அட்டையில் முதல் வரி: 'நம்பர் அடித்த இடத்தை விரலால் தடவிப் பார்.' தடவினேன். வழவழவென்று இருந்தது. சுற்றிலும் வார்ப்பு சொரசொரப்பு. அந்த இடம் மட்டும் புது எவர்சில்வர் தட்டு மாதிரி மின்னியது. நம்பரே இல்லை.

"பில்லு?"

"பில்லு எதுக்கு சார்? உன் பழைய இஞ்சின் நம்பரைக் குடு. அதையே அடிச்சுக் குடுத்துர்றேன். ஆர்.டி.ஓ. தாத்தா வந்தாக்கூடக் கண்டுபிடிக்க முடியாது."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த இடத்திலேயே நான் மறுக்கவில்லை. இரண்டு நிமிஷம் யோசித்தேன். ஏழாயிரம் ரூபாய். தங்கச்சி. அம்மாவின் குழம்பு. 'யாருக்குத் தெரியப் போகுது?' என்று ஒரு குரல். ஓரமாகப் போய் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

அவர் கத்தவில்லை. நிதானமாகத்தான் சொன்னார். "அது யாரு வீட்டு வாசல்ல காணாமப் போன வண்டியோ தம்பி. எவன் வயிறு எரிஞ்சுதோ. அதை நீங்க கொண்டாந்தா, மாட்டறதுக்கு வேற ஆளைப் பாருங்க. ஒண்ணு மட்டும் கேக்கறேன். நடுராத்திரி தங்கச்சியைப் பின்சீட்ல படுக்க வச்சுக்கிட்டுப் போறப்ப, வழியில போலீஸு வண்டிய நிறுத்தி, 'என்ஜின் நம்பர் சரியில்லை, இறங்கு'ன்னு சொன்னா, என்ன பண்ணுவீங்க?"

போனை வைத்தேன். கடைக்காரரிடம் "வரேங்க" என்றேன். வரவில்லை.

22 ஆயிரம் கடைக்குப் போனேன். கேட்டதும் காகிதங்களை எடுத்து வைத்தார். விபத்தில் பின்பக்கம் நசுங்கிய வண்டி. அதன் ஆர்.சி. நகல், பதிவை ரத்து செய்த கடிதம், என்ஜின் நம்பர் போட்டு பில். நம்பரை நானே டார்ச் அடித்து ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டேன். திருட்டு வண்டிப் பட்டியலில் இருக்கிறதா என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் பார்க்கிற வசதி இருக்கிறது. செல்போனிலேயே பார்த்தேன். இல்லை.

அட்டையில் மீதி வரிகள். ஆயில் மூடியைத் திறந்து அடிப்பக்கம் பார்: வெள்ளையாகத் தயிர் மாதிரி இருந்தால், ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது, ஓடிவிடு. இல்லை. கிராங்கை ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்று: எங்கேயும் பிடிக்காமல் சுற்ற வேண்டும். சுற்றியது. கம்ப்ரெஷன் கேஜ் வைத்து மூன்று சிலிண்டரையும் பார்: எண் பெரிசா என்பதைவிட, மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கிறதா என்பதுதான் முக்கியம். இருந்தது. லாரி பார்சலில் ஏற்றிவிட்டு, ஊர் பஸ்ஸைப் பிடித்தேன்.

கல்யாணத்துக்கு முன்னால் ரிஜிஸ்டர்

என்ஜின் வந்துவிட்டது, மாட்ட வேண்டியதுதானே? கூடாது. மோட்டார் வாகனச் சட்டம், 1988, 52-வது பிரிவு. ஆர்.சி.யில் இருக்கிற விவரம் மாறுகிற மாதிரி வண்டியில் எதை மாற்றுவதானாலும் முதலில் பதிவு அதிகாரியின் அனுமதி வாங்க வேண்டும். மாற்றிய பிறகு 14 நாளுக்குள் தெரிவித்து, ஆர்.சி.யில் திருத்திக்கொள்ள வேண்டும். வண்டி மேல் கடன் இருந்தால் பைனான்ஸ்காரரின் சம்மதமும் வேண்டும். தயாரித்த கம்பெனி கொடுத்த அசல் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது.

ஒரு காலத்தில் எங்கள் பக்கம் அம்பாசடரின் பெட்ரோல் என்ஜினைக் கழற்றிவிட்டு மாட்டடார் டீசல் என்ஜினை வைத்து, கல்யாண வண்டியாக ஓட்டி சம்பாதித்தவர்கள் உண்டு. சத்தம் மேளத்தை மிஞ்சும். அம்பாசடர் உற்பத்தியே 2014-ல் நின்றுபோயிற்று. அந்த மாதிரி 'கலப்பு மணங்களுக்கு' இப்போது சட்டம் சுலபமாக இடம் தராது. நல்லவேளை, என்னுடையது சொந்தத்துக்குள்ளேயே. அதே என்ஜின் வகை, அதே எரிபொருள், அதே சி.சி. நம்பர் மட்டும்தான் வேறு.

காகிதங்களைக் காட்டி விண்ணப்பித்தேன். அனுமதி வந்தது. அதற்குள் தங்கச்சிக்கு எட்டு மாதம் முடிந்துவிட்டது. இன்ஷூரன்ஸ் பாலிசியிலும் என்ஜின் நம்பர் இருக்கும், அவர்களுக்கும் எழுதிப் போடுங்கள். இல்லாவிட்டால், நஷ்ட ஈடு கேட்கும் நாளில் நம்பர் இடிக்கும்.

இரண்டு நாள் வேலை. ஃபிளெக்ஸ் பிளேட் கழன்றது. இரண்டு கிராங்க்கையும் வெர்னியர் வைத்து அளந்தார். ஒத்துப்போனது. கியர்பாக்ஸை ஒட்டிவிட்டால் பிறகு கை போகாது என்று, பின்பக்க ஆயில் சீலை முதலிலேயே புதிதாகப் போட்டார். என் ஃபிளைவீலை லேத்தில் கொடுத்து முகம் சீவி, புது நீள போல்ட்டுகள் போட்டு, டார்க் ரெஞ்சால் எதிரெதிராக முறுக்கினார். புது கிளட்ச் செட். மவுண்டிங் பிராக்கெட்டுகள், மேனிஃபோல்டு, சென்சார்கள் எல்லாம் என் பழைய என்ஜினிலிருந்து இடம் மாறின. ரேடியேட்டரின் ஒழுகல் அடைக்கப்பட்டு, குழாய்த் தண்ணீருக்குப் பதில் கூலன்ட் இறங்கியது. (ஆமாம் அம்மா, இனிமேல் கூலன்ட்தான்!)

சாவியைத் திருப்பினேன். 'டக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். வாரக்கணக்கில் சும்மா கிடந்ததில் பேட்டரி படுத்துவிட்டது.

"தள்ளுங்கப்பா!" என்றார் அண்ணன்.

டீக்கடை பெஞ்ச் காலியானது. நம்மூரில் இரண்டு காரியங்களுக்கு ஆள் சேர்க்க வேண்டியதே இல்லை. சண்டையை வேடிக்கை பார்க்க, நின்ற வண்டியைத் தள்ள. இரண்டாவது கியர் போட்டு, கிளட்சை மிதித்துக்கொண்டு உட்கார்ந்தேன். வேகம் பிடித்ததும் கிளட்சை விட்டேன். ஒரு குலுக்கல்... ஒரு இருமல்... பிடித்துக்கொண்டது!

டார்க் கன்வெர்ட்டர் வண்டியை இப்படித் தள்ளி ஸ்டார்ட் பண்ண முடியாது. அதன் கியர்பாக்ஸில் எண்ணெய் அழுத்தத்தை உண்டாக்குவதே என்ஜின்தான். அது ஓடாதபோது சக்கரம் சுற்றினால், அந்தச் சுற்று என்ஜினுக்கு வந்து சேராது. ஆக, ஆட்டோமேட்டிக் வீட்டில் பிறந்து வளர்ந்த அந்த என்ஜின், வாழ்க்கையில் முதல் தடவையாகத் தள்ளுபடி ஆனது!

வண்டியைக் காட்டி, ஆர்.சி.யில் புது நம்பர் ஏறியது. பத்தே நாளில், ஒரு ராத்திரி ஒன்றரை மணிக்கு அம்மா கதவைத் தட்டினார். சாவியைத் திருப்பினேன். முதல் சுற்றிலேயே பிடித்தது. பின்சீட்டில் அம்மா மடியில் தங்கச்சி. வழியில் ஓரிடத்தில் போலீஸ் கை காட்டியது. டார்ச் வெளிச்சம் என் முகத்தில், பிறகு பின்சீட்டில். "போங்க, போங்க" என்றார் அவர். என்ஜின் நம்பரையெல்லாம் யாரும் கேட்கவில்லை. கேட்டாலும் பயமில்லை. அந்த நிம்மதிக்கு விலை ஏழாயிரம் என்றால், சல்லிசுதான்.

கணக்கு முடிக்காவிட்டால் பி.காம். படித்ததற்கு அர்த்தமில்லை. என்ஜின் 22,000. லாரி வாடகை 1,800. கிளட்ச் செட் 4,500. போல்ட், சீல், கேஸ்கெட் வகையறா 1,900. ஆயில், ஃபில்டர், கூலன்ட் 2,200. கூலி, லேத் செலவு சேர்த்து 9,000. ஆக மொத்தம் 41,400. பழைய என்ஜினையே சரிபண்ணியிருந்தால் 45,000. லாபம் 3,600! இதில் புதுப்பேட்டை போய்வந்த பஸ், சாப்பாடு, ஆர்.டி.ஓ. கட்டணம், ஜெராக்ஸ் எல்லாம் போக நிகர மிச்சம் பத்து ரூபாய். அதற்கு ஆஸ்பத்திரி வாசலில் ஒரு டீ குடித்துவிட்டேன்.

ஆனால் வரவுப் பக்கம் ஒரு வரி விட்டுப்போயிற்று. விடிகாலை 4.40-க்கு நர்ஸ் வந்து சொன்னது.

வரவு: மருமகள் - 1. எடை 2 கிலோ 900 கிராம். ஒரிஜினல் மாடல். சத்தம் மட்டும் மாட்டடார் மாதிரி!